மீன்வண்டித் தரையியல்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

தமிழில் இதுவரை வண்டிகளைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் நிமிர்ந்தே பார்த்தவர்கள். லாரி நெற்றியில் உள்ள வாசகத்தைப் படித்தார்கள், பின்கதவில் எழுதியிருக்கும் தத்துவத்தைத் தொகுத்தார்கள், கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழத்துக்கு மானுடவியல் விளக்கம் கொடுத்தார்கள். குனிந்து பார்த்தவர் எவரும் இல்லை. கல்வெட்டைத் தேடி மலையேறும் அறிஞர்கூடத் தன் தெருமுனையில் நிற்கும் லோடு வேனின் பின்கதவைத் திறந்து, உள்ளே கிடக்கும் ரப்பர் பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், எந்தக் கல்வெட்டையும்விட வேகமாக அழிந்துகொண்டிருக்கும் ஆவணம் ஒன்று அங்கே கிடப்பது தெரிந்திருக்கும். ஆய்வுலகில் நிலவும் இந்த இடைவெளியை நிரப்புவது, இத்துறைக்கே உரிய மொழியில் சொன்னால் இந்த ஓட்டையை அடைப்பது, இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வேடு என்றால் எல்லை வேண்டும். இவ்வாய்வின் நில எல்லை வடக்கே காசிமேடு, தெற்கே குளச்சல். வண்டி எல்லை: 2005இல் சந்தைக்கு வந்து தமிழ்நாட்டில் ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸும் அதன் வகையறாவும், அவற்றோடு, 1984 முதல் 2019 வரை உற்பத்தியில் இருந்து, இன்றும் மீன் சந்தைப் பக்கம் சாக மறுத்துத் திரியும் மாருதி ஆம்னி. தரை எல்லை: பின்கதவின் கொக்கியில் தொடங்கி ஓட்டுநர் இருக்கையின் முதுகுப்புறம் வரை. அதற்கு முன்னால் உள்ள தரை, அதாவது ஓட்டுநரின் காலடித் தரை, தனி ஆய்வுக்குரியது. சாமி படத்திலிருந்து உதிர்ந்த பூ, டோல்கேட் ரசீது, கால் கிளாஸ் டீ ஆகியவை அங்கே படிந்து கிடக்கும் முறையை விளக்க மண்ணியல் அறிவு வேண்டும். இவ்வாய்வாளருக்கு அது இல்லை.

இனி வகைப்பாடு. தமிழில் எதை வகைப்படுத்தினாலும் ஐந்தாகத்தான் வரும் என்பதால் சரக்கு வேன்களும் ஐந்து திணையாகவே அமைகின்றன. நீலகிரியில் கழுவிய கேரட்டை ஈரம் சொட்டச் சொட்ட மூட்டை கட்டி மேட்டுப்பாளையத்துக்கு இறக்குவது குறிஞ்சி வேன். பால் பாக்கெட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு விடியற்காலையில் வருவது முல்லை வேன். அதன் தரையில் சிந்துவது தண்ணீர் மட்டுமல்ல, புளித்தால் அமிலமாகும் பாலும்கூட. கீரைக்கட்டும் வாழைத்தாரும் ஏற்றுவது மருதம். இருபது லிட்டர் தண்ணீர் கேன்களைத் தெருத்தெருவாக இறக்குவது பாலை. தண்ணீரே இல்லாத இடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வண்டியின் தரைதான் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்பது இத்திணையின் தனிச்சிறப்பு. மீன் ஏற்றுவது நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் வகுத்தவர்கள் இந்த வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்காமலே எப்படி அவ்வளவு சரியாகச் சொன்னார்கள் என்பது வியப்புக்குரியது. ஒரே சிக்கல், மீன் ஏலம் நடப்பது வைகறையில்; வைகறையோ மருதத்தின் சிறுபொழுது. இதைத் திணைமயக்கம் என்று கொண்டு மேலே செல்வோம். ஐந்தில் நெய்தலை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம், மற்ற நான்கின் தரைகள் நனைகின்றன, இதன் தரை ஊறுகிறது.

எவ்வளவு ஊறுகிறது என்பதைக் கணக்கிடலாம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது மீன்வளத் துறையினர் சொல்லும் பொது அளவு. குட்டி யானையில் முந்நூறு கிலோ மீன் ஏறினால் முந்நூறு கிலோ ஐஸும் ஏறவேண்டும். ஐஸ் எந்த வழியில் போனாலும் கடைசியில் தண்ணீராகத்தான் போகும். காசிமேட்டில் ஏற்றிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறக்கும் வண்டியில் கொஞ்சம்தான் கரையும். நாகப்பட்டினத்தில் ஏற்றி உள்நாட்டுச் சந்தைக்கு இரவெல்லாம் ஓடும் வண்டியில் பாதிக்குமேல் கரைந்து தரை வழியாகவே வெளியேறும். அதுவும் வெறும் தண்ணீரல்ல. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. படகிலிருந்து வரும் கூடையிலும் மீனின் மேலும் ஒட்டி வரும் அந்த உப்பு, மீன் ரத்தத்தோடும் செதிலோடும் வழவழப்போடும் சேர்ந்து, பிளாஸ்டிக் டப்பாவின் அடி ஓட்டைகள் வழியாகத் தகட்டுக்கு வந்து சேர்கிறது.

வண்டி காய்ந்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைப்பது முதல் தலைமுறை ஆய்வாளர்கள் செய்த பிழை. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துகொள்ளும். மழைக்காலத்தில் அடுப்படி உப்புச்சாடியில் நடப்பது இதுதான். சென்னைக் கடற்கரையோரம் அதிகாலையில் ஈரப்பதம் 75ஐத் தாண்டாத நாளைத் தேடத்தான் வேண்டும். ஆகவே நேற்று மத்தியானம் வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த தரை, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே, இன்று விடியற்காலையில் மறுபடி நனைந்திருக்கும். மீன் ஏறாத ஞாயிற்றுக்கிழமையிலும் துரு வேலைக்கு வந்துவிடும். அதற்கு விடுப்பு கிடையாது.

இந்தத் துறைக்கு அடிப்படையான சோதனை ஒன்று கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் கேம்பிரிட்ஜில் நடந்தது. யூலிக் ரிச்சர்ட்சன் எவன்ஸ் என்ற அறிஞர் இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். நம் ஊரில் இதே வேலையைச் செய்பவரை வேலையற்றவர் என்போம். அங்கே அரிமான அறிவியலின் தந்தை என்கிறார்கள். சொட்டில் நிறம் காட்டும் மருந்து கலந்திருந்ததால் அவருக்கு ஒரு படம் கிடைத்தது: நடுவில் நீலம், விளிம்பில் இளஞ்சிவப்பு, இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையம். விளிம்பில் சொட்டு மெல்லியது, காற்று எளிதாகப் போய்ச் சேர்கிறது. நடுவில் சொட்டு தடித்தது, காற்று போய்ச் சேரச் சிரமப்படுகிறது. காற்று தாராளமாகக் கிடைத்த விளிம்பு தப்பித்துக்கொண்டது. காற்றுக்குத் தவித்த நடுப்பகுதிதான் கரைந்தது. துரு பிடிக்கக் காற்றும் தண்ணீரும் வேண்டும் என்று பள்ளியில் படித்ததை இது பொய்யாக்கவில்லை. காற்று எங்கே இருக்கிறதோ அங்கேயே இரும்பு தேயும் என்று நாம் நினைத்துக்கொண்டதைத்தான் பொய்யாக்கியது. ஒரே ஈரத்தின்கீழ் ஒரு பக்கம் காற்றும் ஒரு பக்கம் புழுக்கமும் இருந்தால், தேய்வது புழுங்குகிற பக்கம்.

எவன்ஸ் மீன்வண்டி வைத்திருந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும், தரைமேல் எதைப் போட்டு மூடினாலும் அதன்கீழ் என்ன ஆகும் என்பதை அந்தச் சொட்டு அன்றைக்கே சொல்லிவிட்டது. அது பட்டறை வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வண்டித் தரையைக் காக்க வழக்கத்தில் உள்ள கொள்கைகளை இனிப் பார்க்கலாம். சாக்குக் கொள்கை பழமையானது: கோணிச்சாக்கை விரித்துவிட்டால் அது தண்ணீரைக் குடித்துவிடும் என்பது. குடிப்பது உண்மை. குடித்ததைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்கிறது என்பதை இக்கொள்கையினர் ஆராயவில்லை. மேலும் விளக்கத் தேவையில்லை.

பலகைக் கொள்கையினர் பிளைவுட் வெட்டிப் போடுகிறார்கள். டப்பாவை இழுக்கும்போது தகட்டில் கீறல் விழாது, பெயின்ட் போகாது என்ற அளவில் இது நியாயமானதே. ஆனால் இந்த வண்டிகளின் தரைத்தகடு சமதளம் அன்று. மெல்லிய தகட்டுக்கு வலுச் சேர்க்க நெடுக வரிவரியாக மடித்திருக்கும். பலகை மேடுகளின்மேல் உட்கார்ந்துகொள்ள, பள்ளங்கள் மூடிய வாய்க்கால்களாகின்றன. பலகையை நகராமல் பிடிக்க நான்கு மூலையிலும் துளையிட்டு ஸ்க்ரூ முடுக்குவார்கள்; துளையின் விளிம்பில் பச்சைத் தகடு. அதில் ஒரு விரல் பெயின்ட் தடவிவிட்டு முடுக்கினால் என்ன என்று கேட்டதற்கு, ‘ஸ்க்ரூதான் மறைச்சுக்குதே’ என்று பதில் வந்தது. இந்தத் துறையில் மறைப்பதும் காப்பதும் ஒன்று என்ற கருத்து ஆழமாக வேரூன்றியிருப்பதைப் பின்னரும் காண்போம்.

ரப்பர் பாய்க் கொள்கையே இன்று ஆளும் கொள்கை. கறுப்பு ரப்பர், மேலே வரிவரியாகக் கோடு, மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பார்க்க அழகு, கழுவ எளிது, டப்பா வழுக்காது. அதன்கீழ் நடப்பது என்ன என்பதற்குக் கள ஆய்வே சான்று. ராயபுரம் பக்கம் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு ஒரு மீன் வேன் வந்தது. பின்கதவு மூடும்போது சத்தம் வருகிறது என்பது புகார். டிங்கர் கதவைப் பார்க்கவில்லை, பாயைத் தூக்கினார். பாய் உடனே வரவில்லை, தரையோடு ஒட்டிக்கொண்டு பிசின் பிரிகிற ஓசையுடன் வந்தது. அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூத்த உப்பு, அதில் பதிந்த செதில்கள், நான்காக மடித்த ஒரு ஏலச்சீட்டு. தரையில் பாயின் விளிம்புகளை ஒட்டிப் பழுப்பு. உள்ளே போகப் போகக் கறுப்பு. வரிப்பள்ளங்களில் எண்ணெய்ப் படலம் மிதக்கும் தண்ணீர். டிங்கர் சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனார். சக்கர வளைவின் அருகே ‘டங்’ என்றது. நடுவில் ‘டப்’ என்றது. பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. நகம் அளவுக்கு ஏடு ஏடாகப் பெயர்ந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பிடி வரைக்கும் இறங்கியது. இழுத்த பிறகு துளை வழியாகப் பட்டறையின் மண் தெரிந்தது.

“தரை எங்க சார் இருக்குது? பெயின்ட்டுதான் நின்னுக்கினு இருக்குது” என்றார் டிங்கர்.

“போன வருசம்தாண்ணா புதுப் பாய் போட்டேன்” என்றார் வண்டிக்காரர்.

“அதாம்பா நானும் சொல்றேன்.”

இந்த உரையாடலில் எவன்ஸின் கொள்கை முழுமையாக அடங்கியிருக்கிறது. விளிம்பில் பழுப்பு, நடுவில் காற்றில்லாத கறுப்பு என்று அந்தச் சொட்டின் படம் அப்படியே ஆறடிக்கு நான்கடியாகப் பெரிதாகி வேனுக்குள் கிடந்தது. கதவுச் சத்தத்துக்கும் இதுவே காரணம்: துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். தகடும் தகடும் சேரும் மடிப்புக்குள் அது வளரும்போது மடிப்பே பிளந்து மேலெழும்பும். கதவுச் சட்டம் கோணும்.

கழிவு ஆயில் கொள்கை தரையின் கீழ்ப்பக்கத்துக்கு உரியது. வாட்டர் வாஷ் முடிந்ததும் எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை டீசலில் கலந்து அடியில் பீச்சுவார்கள். தண்ணீர் ஒட்டாது என்பது உண்மை. ரப்பர் புஷ்ஷுகள் ஊதிப் பருப்பதும் உண்மை. மேலே விற்பனைக்கு வஞ்சிரமும் கீழே சொட்டும் கறுப்பு ஆயிலுமாக வண்டி போவதைப் பற்றி உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கருத்துச் சொன்னால் அதை இந்த ஆய்வின் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

ரெட் ஆக்சைடு கொள்கை தத்துவச் செறிவு மிக்கது. துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூசும் அந்தச் செங்காவிச் சாயத்துக்கு நிறம் தருவது எது? இரும்பு ஆக்சைடு. அதாவது துருவின் பங்காளி. காசு செலவழித்துத் துருவை எடுத்துவிட்டுக் காசு செலவழித்து அதன் சொந்தக்காரனைக் குடிவைக்கிறோம். முள்ளை முள்ளால் எடுப்பது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். உள்ளபடியே, வேலை செய்வது சிவப்பு அல்ல. அதோடு சேர்க்கும் துத்தநாகச் சேர்மமும், தகட்டோடு கவ்விப் பிடிக்கும் பிசினும்தான். அப்படியும் அது அடிப்பூச்சு மட்டுமே. நுண்துளை நிறைந்த அந்தப் பூச்சின்மேல் எனாமலோ எப்பாக்சியோ ஒரு மேல்பூச்சு வந்தால்தான் தண்ணீர் நிற்கும். தமிழ்நாட்டு வழக்கம், ரெட் ஆக்சைடு அடித்தவுடன் வேலை முடிந்ததாகக் கருதுவது. ஜன்னல் கம்பி, மொட்டைமாடி கேட், மீன்வண்டித் தரை மூன்றுக்கும் பொதுவான கலைமரபு இது.

வசதியுள்ளவர்கள் எவர்சில்வர் தகடு அடிக்கிறார்கள். இரும்பில் 10.5 சதவீதமாவது குரோமியம் சேர்ந்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகித் துருவைத் தடுக்கும். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரெயர்லி இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அந்தப் படலத்துக்கு உப்பு என்றால் ஆகாது. புள்ளி புள்ளியாகக் குத்தித் துளைத்துவிடும். அதற்காகவே மாலிப்டினம் சேர்த்த 316 என்ற ரகம் இருக்கிறது. கடையில் விலை கேட்டவுடன் வண்டிக்காரர் 304க்கு இறங்குவார், பட்டறை போய்ச் சேரும்போது அது 202 ஆகியிருக்கும். இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அந்தப் பளபளப்பான தகட்டைச் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டு முடுக்குவது. இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது மின்கலம். அதில் சாதா இரும்பே பலியாடு. பெரிய எவர்சில்வர் பரப்புக்குச் சின்ன ஸ்க்ரூ ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால் பலி வேகமாக நடக்கும். எவர்சில்வருக்குக் கீழே இருக்கும் பழைய தரைக்கும் அதே கதிதான். மேலே முகம் பார்க்கலாம், கீழே தரை இருக்காது.

பலியாடு என்ற அதே தத்துவத்தை நமக்குச் சாதகமாகத் திருப்புவது ஜி.ஐ. ஷீட். அதன் துத்தநாகப் பூச்சு தான் கரைந்து இரும்பைக் காக்கும். கீறல் விழுந்தாலும் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முன்வந்து கரையும். இந்த வித்தையின் முன்னோடி ஹம்ஃப்ரி டேவி. 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகடு அரிக்கிறது என்று அவரிடம் போனார்கள். துத்தநாகம், இரும்புத் துண்டுகளைச் செம்போடு சேர்த்து வையுங்கள் என்றார். வைத்தார்கள். செம்பு அரிக்கவே இல்லை. ஆனால் கரைந்த செம்பின் நஞ்சுக்குப் பயந்து விலகி நின்ற கடற்சிப்பிகளும் பாசியும் இப்போது தைரியமாக வந்து ஒட்டிக்கொள்ள, கப்பலின் வேகம் குறைந்துபோனது. முழு வெற்றி பெற்ற ஆய்வுகளைக் கடற்படை கைவிட்டது இப்படித்தான். நம் ஊரில் ஜி.ஐ. ஷீட்டுக்கு வரும் எதிரி சிப்பி அல்ல, வெல்டர். ஷீட்டை வெட்டி வைத்து வெல்டிங் அடித்தவுடன் அந்த இடத்தில் துத்தநாகம் ஆவியாகிப் போய்விடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும் என்பதால் வெல்டர் ஒரு டம்ளர் பால் குடிப்பார். பூச்சு போன தையலுக்குப் பால் வார்ப்பவர் யாருமில்லை; துரு அங்கிருந்தே தொடங்கும்.

இந்த இடத்தில் அவையிலிருந்து ஒரு குரல் எழும்பும்: ‘டில்லியில் 1,600 வருடமாகத் துருப்பிடிக்காமல் ஒரு தூண் நிற்கிறதே, நம் முன்னோர்...’ குரலுக்கு உரியவர் எப்போதும் முன்வரிசையில் இருப்பார். அவருக்கான விடை: மெஹ்ரோலித் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகத் துணை செய்ததை ஐ.ஐ.டி. கான்பூரின் பாலசுப்ரமணியம் விரிவாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். டில்லியின் வறண்ட காற்றும் கை கொடுத்தது. ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தத் தூணைக் காசிமேட்டில் ஒரு மழைக்காலம் நிறுத்திப் பார்த்தால் ஒப்பீடு பொருத்தமாக இருக்கும். கொண்டுவர வாடகைக்கு வண்டி கேட்டபோது குட்டி யானைக்காரர் முக்கால் டன்னுக்கு மேல் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். ஒப்பாய்வு அத்துடன் நின்றது.

அடுத்து ஓட்டைச் சிக்கல். இத்துறையின் மையமான முரண்பாடு இதுவே. தண்ணீர் வெளியேறத் தரையில் ஓட்டை வேண்டும். வண்டி செய்யும்போதே அதற்கு வழி வைத்து ரப்பர் மூடியும் போட்டிருப்பார்கள். மூடியைத் திறந்து வைத்தால் மீன் தண்ணீர் ரோட்டில் சொட்டும். பின்னால் வரும் பைக்காரர் வழுக்கி விழுவார், எழுந்தால் திட்டுவார், அடுத்த சிக்னலில் போலீஸ் கை காட்டும். ஆகவே மூடியை அடைத்து, சந்தேகத்துக்கு எம்-சீலும் வைத்து அப்பி விடுகிறார்கள். தரை ஒரு தொட்டியாகிறது. தொட்டியில் நிற்கும் தண்ணீர் தானே ஒரு வழி பண்ணிக்கொள்கிறது. மனிதன் வைத்த ஓட்டையை மனிதன் அடைத்தால் துரு வேறு ஓட்டை வைக்கும். அது எங்கே வைக்கும் என்று நம்மைக் கேட்காது. பெரும்பாலும் சேஸிக் குறுக்குச்சட்டத்துக்கு நேர் மேலே வைக்கும்.

இதற்குச் சரியான தீர்வு சிக்கலானதன்று. ஓட்டைக்கு அடியில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சேஸியோரம் கட்டிய பிளாஸ்டிக் கேனில் இறக்கிவிட்டால் ரோட்டிலும் சொட்டாது, தரையிலும் நிற்காது. ஊர் போய்ச் சேர்ந்ததும் கேனைச் சாக்கடையில் கவிழ்க்கலாம். குளச்சல் பக்கம் ஒரு வண்டியில் இதைப் பார்த்தபோது, எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஏற்படாத மரியாதை இவ்வாய்வாளருக்கு ஏற்பட்டது. அந்த ஓட்டுநர் இரவில் வண்டியைச் சரிவில்தான் நிறுத்துகிறார், ஓட்டை இருக்கும் பின்பக்கம் தாழ்வாக. முன்சக்கரம் இரண்டின் கீழும் ஆளுக்கொரு பலகைத் துண்டு. ‘தண்ணிக்கு வழி தெரியணும்லா’ என்பதே அவருடைய முழு விளக்கம்.

எஃப்.சி. காலத்தை இலக்கிய வரலாற்றின் மறுமலர்ச்சிக் காலத்துக்கு ஒப்பானதாகக் கொள்ளலாம். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கப் போகிறார் என்றால் மொத்த வண்டியும் ஒரு வாரத்தில் இளமை பெறும். ஓட்டைக்கு மேல் 18 கேஜ் ஷீட்டில் ஒட்டு. ஒட்டுக்கும் தரைக்கும் இடையில் ரெட் ஆக்சைடுகூட இல்லாமல் பழைய துரு. மேலே பட்டி, அதற்கு மேல் கறுப்பு பெயின்ட். ஒட்டுக்கு ஒட்டாக எத்தனை எஃப்.சி. கடந்தது என்பதை மரத்தின் வளையம் எண்ணுவதைப்போல் எண்ணிவிடலாம். சில வண்டிகளில் ஒட்டுகள் எல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. இவற்றுக்கிடையே கம்பெனி போட்ட தரை எது என்று கேட்டால் தொல்லியல் துறையைத்தான் அழைக்க வேண்டும்.

வண்டிகள் மிக மோசமாகத் துருப்பிடிப்பது எப்போது? உழைக்கும்போது என்றுதான் தோன்றும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும், வண்டிகள் பல தெருவோரம் ஒதுங்கும். கடைசி லோடு இறக்கிய அன்றைக்கு அள்ளி ஊற்றிய இரண்டு வாளித் தண்ணீரோடு பின்கதவைச் சாத்திப் பூட்டு போட்டுவிட்டுப் போவார்கள். பாய் உள்ளேயே. வெயிலில் அந்தப் பெட்டி பகலெல்லாம் புழுங்கும். இரவில் உப்பு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஓடும் வண்டிக்குக் கிடைக்கிற காற்றும் அதற்குக் கிடையாது. தடைக்காலத்தில் கடலில் மீன் பெருகுகிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேனில் துரு பெருகுவதில் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். நாள்தோறும் கடைசி இறக்கம் முடிந்தவுடன் பாயை வெளியே எடுத்துக் கம்பியில் போட வேண்டும். தரையை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். துறைமுகத்தில் எளிதாகக் கிடைக்கும் கடல் தண்ணீரால் கழுவினால் அது கழுவல் அல்ல, உப்பிடல். வடசென்னையில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்றால், மேலே சொன்ன பாலைத்திணை வேனைக் கூப்பிட வேண்டியதுதான். நெய்தலைப் பாலை கழுவிவிடும் இந்த அரிய காட்சியைத் திணைமயக்கத்துக்கு இரண்டாவது சான்றாகக் கொள்க. பிறகு வரிப்பள்ளத்தையும் சக்கர வளைவின் மூலையையும் பிரஷ்ஷால் தேய்த்து, செதில்களைத் தோண்டி எடுத்து, இரண்டு கதவையும் விரியத் திறந்து காயவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கீறல்களில் பெயின்ட் தொட்டுவைக்க வேண்டும். பாய் வேண்டவே வேண்டும் என்றால் அடியில் பிளாஸ்டிக் சட்டம் கொடுத்து விரற்கடை உயரம் தூக்கிப் போட வேண்டும். அடியில் காற்று போகட்டும். தரையைக் காப்பது எதுவென்றால் அதன்மேல் போடும் பொருள் அல்ல, நாளும் அதைத் திறந்து பார்க்கிற ஒரு ஜோடிக் கண் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். இதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும்.

அந்தப் பதினைந்து நிமிடம் யாருடையது என்பதில்தான் ஆய்வு முட்டுச்சந்தில் நிற்கிறது. தரையைத் தினமும் பார்ப்பவர் ஓட்டுநர், தரை அவருடையதல்ல. தரை யாருடையதோ அவர் முதலாளி. அவர் அதைப் பார்ப்பது எஃப்.சி.க்கு எஃப்.சி. இரவு பதினோரு மணிக்குக் கிளம்பி விடிய விடிய ஓட்டி, ஏலத்தில் நின்று, டப்பா தூக்கி, காலை ஒன்பது மணிக்கு வண்டியை விடுகிறவருக்குச் சம்பளம் லோடு கணக்கு. கழுவும் நேரத்துக்குக் கணக்கு கிடையாது. ஆகவே ஆய்வின் பரிந்துரையாக, கழுவிக் காயவைப்பதற்குத் தினமும் ஐம்பது ரூபாய் தனி பேட்டா தரலாம் என்று ஒரு முதலாளியிடம் முன்வைக்கப்பட்டது. எவன்ஸின் சொட்டு, உப்பின் 75 சதவீதம், டேவியின் கப்பல் எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார். ஓட்டுநரும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“கரெக்டுதான் சார், நீங்க சொல்றது எல்லாம் கரெக்டு” என்றார் முதலாளி. செல்போனை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார். “மாசம் ஆயிரத்து ஐந்நூறா? அந்தக் காசுக்குப் புதுப் பாயே வாங்கிப் போட்டுடலாமே!”